பிஎச் அளவைத் தந்த சோரன்சன்: பெட்டியில் கிடந்த புரோபை எடுத்தவுடன் நம்பலாமா?

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி நடக்கிற ஒன்று இது. சில மாதங்களுக்கு முன்பு கழற்றி வைத்த பிஎச் புரோபைத் தேடி எடுத்து, தொட்டித் தண்ணீரில் விடுகிறார்கள். திரையில் 7.4 என்று வருகிறது. கடல் மீன்களுக்குப் பொதுவாக 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். பதறிப்போய், பிஎச்சை உயர்த்தும் மருந்தை எடுத்து ஊற்றுகிறார்கள். மறுநாள் காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரில் கோளாறே இருந்திருக்காது. காய்ந்துபோன புரோப்தான் தப்பான எண்ணைக் காட்டியிருக்கும்.

இதைத் தவிர்க்கும் வழி 1909ஆம் ஆண்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர், பிஎச் என்ற அளவையே உருவாக்கிய டென்மார்க் வேதியியலாளர் சோரன் பெடர் லாரிட்ஸ் சோரன்சன். அவர் ஓர் எண்ணை மட்டும் தரவில்லை. அந்த எண் சரிதானா என்று சரிபார்க்கும் கரைசல்களையும் சேர்த்தே தந்தார். எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சரிபார்க்கும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

யார் இந்த சோரன்சன்?

1868ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி, டென்மார்க்கின் ஹவ்ரெபியர் என்ற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 18 வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் எடுத்தது மருத்துவப் படிப்பு. ஆனால் அங்கே சோஃபுஸ் மட்ஸ் யோர்கென்சன் என்ற வேதியியல் பேராசிரியரின் செல்வாக்கு அவரை வேதியியல் பக்கம் இழுத்துக்கொண்டது. யோர்கென்சன், கோபால்ட் போன்ற உலோகங்களின் சிக்கலான சேர்மங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். சோரன்சனும் அதே வழியில் கோபால்ட் சேர்மங்களை ஆராய்ந்து, 1899இல் முனைவர் பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்ததும் நேராகப் பெரிய பதவி எதுவும் கிடைத்துவிடவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். டென்மார்க்கின் நிலவியல் ஆய்வுப் பணியில் உதவினார். அரச கடற்படையின் கப்பல் தளத்துக்கு வேதியியல் ஆலோசகராகவும் வேலை பார்த்தார். 1901இல்தான் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்த வேலை வந்தது: கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுத் தலைவர் பதவி.

பீர் நிறுவனத்துக்கு எதற்கு ஆய்வகம்?

கார்ல்ஸ்பெர்க் என்றதும் பீர் பாட்டில்தான் ஞாபகம் வரும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய யாக்கோப் கிறிஸ்டியன் யாக்கோப்சன், பீர் காய்ச்சுவது கைப்பழக்கமாக மட்டும் இருக்கக்கூடாது, அதன் பின்னால் இருக்கும் அறிவியல் தெரிய வேண்டும் என்று நினைத்தவர். 1875இல் ஆலையோடு சேர்த்து ஓர் ஆய்வகத்தையும் தொடங்கினார். அங்கே கண்டுபிடிக்கப்படும் முக்கியமான எதையும் ரகசியமாக வைக்கக்கூடாது, வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. ஒரு வியாபார நிறுவனம் தன் போட்டியாளர்களுக்கும் பயன்படும்படி இப்படி விதி வைத்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அங்கே ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதே ஆண்டு யோஹான் கெல்டால், தானியத்தில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று அளக்கும் முறையை வெளியிட்டார். உணவில் உள்ள புரத அளவைக் கணக்கிட இன்றும் அந்த முறை பயன்படுகிறது. கெல்டால் 1900இல் இறந்துபோக, அவருடைய இடத்துக்குத்தான் சோரன்சன் வந்தார்.

வந்த இடத்தில் அவர் தன் துறையையே மாற்றிக்கொண்டார். உலோகச் சேர்மங்களை விட்டுவிட்டு, புரதங்கள், அமினோ அமிலங்கள், நொதிகள் பக்கம் திரும்பினார். 1907இல், ஃபார்மால்டிஹைடைப் பயன்படுத்தி அமினோ அமிலங்களின் அளவைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். ஒரு நொதி புரதத்தை எந்த அளவுக்கு உடைத்திருக்கிறது என்று இதைக்கொண்டு கணக்கிட முடிந்தது.

அவரைத் தடுத்து நிறுத்திய சிக்கல்

நொதிகள் ரொம்ப நுணுக்கமானவை. சுற்றியிருக்கும் கரைசலில் அமிலத்தன்மை கொஞ்சம் மாறினாலும் அவற்றின் வேகம் மாறிவிடும். இது அப்போதே தெரிந்த விஷயம்தான். ஆனால் அமிலத்தன்மையை எப்படிச் சொல்வது என்பதில்தான் குழப்பம்.

எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பதைத்தான் அன்றைய ஆய்வாளர்கள் எழுதி வைத்தார்கள். அது போதாது. ஒரே அளவு அமிலத்தை வெறும் தண்ணீரிலும் புரதக் கரைசலிலும் ஊற்றினால், இரண்டும் ஒரே மாதிரி புளிக்காது. ஊற்றிய அமிலத்தில் ஒரு பகுதியைப் புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதேபோல ஒரே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலமும் ஒரே வலிமை கொண்டவை அல்ல. நொதிக்கு முக்கியம், கரைசலில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகள் எத்தனை என்பதுதான். ஊற்றிய அமிலத்தின் அளவு அதைச் சொல்லாது. அதனால் ஓர் ஆய்வகத்தில் வந்த முடிவை இன்னோர் ஆய்வகத்தில் திரும்ப வரவழைப்பது கஷ்டமாக இருந்தது.

சோரன்சன் ஹைட்ரஜன் அயனிகளையே நேரடியாக அளக்க முடிவு செய்தார். அளந்து பார்த்தால் இன்னொரு தொல்லை. எண்கள் மிக மிகச் சிறியவை. தூய நீரில் ஒரு லிட்டருக்கு 0.0000001 மோல். பூஜ்யங்களை எண்ணியே பாதி நேரம் போய்விடும்.

1909: பிஎச் பிறந்தது

இதற்கு அவர் கண்ட வழி மடக்கை. 0.0000001 என்பது 10இன் அடுக்கு கழித்தல் 7. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டு 7 என்று மட்டும் சொன்னால் போதும். அவ்வளவுதான் பிஎச். ஹைட்ரஜன் அயனி அதிகமானால் எண் குறையும்; அயனி குறைந்தால் எண் கூடும். எலுமிச்சைச் சாறு சுமார் 2, தூய நீர் 25 டிகிரி செல்சியஸில் 7, கடல் நீர் சுமார் 8.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிஎச் ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது. அரை எண் குறைந்தால்கூட மூன்று மடங்குக்கும் மேல். மீட்டரில் 0.5 தானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

சோரன்சன் இதை வெளியிட்ட கட்டுரை நூறு பக்கங்களுக்கும் மேல் நீளமானது. நொதிகளின் செயல்பாட்டில் ஹைட்ரஜன் அயனிகளின் பங்கைப் பற்றியது. அதில் பிஎச் என்ற குறியீட்டுக்கு விளக்கம் சில வரிகள்தான். அதிலுள்ள ‘பி’ எதைக் குறிக்கிறது என்று அவர் தெளிவாகச் சொல்லிவைக்கவில்லை. அடுக்கு என்ற பொருள் தரும் ஜெர்மன், பிரெஞ்சு சொற்களின் முதல் எழுத்து என்று ஒரு தரப்பும், கணிதத்தில் வைக்கும் சாதாரண எழுத்துதான் என்று இன்னொரு தரப்பும் இன்றுவரை வாதிடுகின்றன.

கட்டுரையின் பெரும்பகுதி எதைப் பற்றி?

எப்படி அளப்பது, அளந்ததை எப்படி நம்புவது என்பதைப் பற்றித்தான்.

சோரன்சன் இரண்டு முறைகளை விளக்கினார். முதலாவது மின்முறை. பிளாட்டினம் மின்வாயைச் சுற்றி ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, கரைசலில் உண்டாகும் மின்னழுத்தத்தை அளப்பது. துல்லியமானது. ஆனால் வாயு உருளை, கண்ணாடிக் குழாய்கள், பொறுமை எல்லாம் வேண்டும். சாதாரண ஆய்வகங்களில் தினமும் செய்கிற வேலை இல்லை.

இரண்டாவது நிறமுறை. அமிலத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் சாயங்களைக் கரைசலில் விட்டு, நிறத்தைப் பார்த்துச் சொல்வது. ஆனால் நிறத்தை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் அவருடைய உழைப்பு முழுக்க இருக்கிறது. கிளைசின், பாஸ்பேட், சிட்ரேட், போரேட் ஆகியவற்றைக் கொண்டு, பிஎச் எளிதில் மாறாத கரைசல்களைத் தயாரித்தார். பள்ளிப் பாடத்தில் தாங்கல் கரைசல் என்று வருவது இதுதான். கொஞ்சம் அமிலமோ காரமோ விழுந்தாலும் இதன் பிஎச் பெரிதாக அசையாது. எந்தக் கலவையை எந்த விகிதத்தில் சேர்த்தால் என்ன பிஎச் வரும் என்பதை ஹைட்ரஜன் மின்வாயால் அளந்து, அட்டவணை போட்டு வைத்தார். அளவுகளை எடுத்தது 18 டிகிரி செல்சியஸில் என்றும் குறித்தார்.

அதன் பிறகு உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அட்டவணைப்படி கரைசலைக் கலக்கி, தன் மாதிரியை அதோடு ஒப்பிடலாம் என்றாயிற்று. கோபன்ஹேகனில் 6.8 என்றால் வேறு ஊரிலும் அதே 6.8. அவருடைய பெயரால் அழைக்கப்படும் பாஸ்பேட் கரைசல் இன்றும் உயிரியல் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

மீன் தொட்டிக்காகக் கடையில் வாங்கும் 4, 7, 10 என்ற சின்ன பாட்டில்கள் இந்த அட்டவணையின் வாரிசுகள்தான்.

கண்ணாடிக் குமிழ் எங்கிருந்து வந்தது?

இன்று புரோபின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் சோரன்சனுடையது அல்ல. மெல்லிய கண்ணாடியின் இரு பக்கமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாகிறது என்பதை 1906இல் மாக்ஸ் கிரேமர் கவனித்தார். பிஎச் பிறந்த அதே 1909இல், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபரும் சிக்மண்ட் கிளெமென்சியேவிச்சும் அதை அளவிடும் மின்வாயாக மாற்றினார்கள். ஆனால் கண்ணாடி வழியாக வரும் மின்சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதைப் பெருக்கிக் காட்டும் கையடக்கக் கருவி உடனே வரவில்லை. 1934இல் அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சை வகைப் பழச்சாறுகளின் அமிலத்தன்மையை அளக்கத் தடுமாறிய நண்பருக்காக வெற்றிடக் குழாய்களை வைத்து ஒரு மீட்டர் செய்துகொடுத்தார். அதிலிருந்துதான் இன்றைய பிஎச் மீட்டர் வளர்ந்தது.

இந்தக் கண்ணாடி வேலை செய்யும் விதம் தெரிந்தால், பெட்டியில் கிடந்த புரோப் ஏன் தப்பாகக் காட்டுகிறது என்பதும் புரிந்துவிடும். குமிழின் வெளிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஜெல் படலமாக மாறியிருக்கும். ஹைட்ரஜன் அயனிகளோடு பரிமாற்றம் நடப்பது அந்தப் படலத்தில்தான். பக்கத்திலேயே, பொட்டாசியம் குளோரைடு உப்பு நிரம்பிய இன்னொரு மின்வாய் இருக்கும். அது ஒரு நுண்துளை வழியாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை மீட்டர் படிக்கிறது.

புரோபுக்கு பிஎச் என்றால் என்னவென்றே தெரியாது. அது தருவது மில்லிவோல்ட் மட்டும். நல்ல புரோப் பிஎச் 7இல் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். 25 டிகிரியில் ஒவ்வொரு பிஎச் எண்ணுக்கும் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். அதை எண்ணாக மாற்றுவது மீட்டர், கடைசியாகச் செய்த அளவுத்திருத்தத்தை வைத்து. அந்தத் திருத்தம் செய்து ஆறு மாதம் ஆகியிருந்தால், மீட்டர் ஆறு மாதத்துக்கு முந்தைய புரோபுக்கான கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கும். இடையில் ஜெல் படலம் காய்ந்து, நுண்துளையில் உப்பு அடைத்து, அழுத்தம் 30 மில்லிவோல்ட் நகர்ந்திருந்தால், திரையில் அரை பிஎச் பிழை வரும்.

எப்படி வைத்திருக்க வேண்டும்?

ஒரே விதிதான்: குமிழ் காயக்கூடாது. மூடியில் சேமிப்புக் கரைசல் விட்டு, நுனி அதில் நனைந்திருக்கும்படி, நேராக நிறுத்தி வைக்க வேண்டும். இந்தக் கரைசல் பெரும்பாலும் அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு கரைசல். லிட்டருக்கு 3 மோல் என்பது வழக்கமான அடர்த்தி.

சுத்தமான தண்ணீர்தானே நல்லது என்று டிஸ்டில்டு வாட்டரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ போட்டு வைப்பதுதான் பெரிய தவறு. உப்பே இல்லாத தண்ணீர், புரோபுக்குள் இருக்கும் உப்பை நுண்துளை வழியாக வெளியே இழுத்துவிடும். சேமிப்புக் கரைசல் கைவசம் இல்லையென்றால், தற்காலிகமாக பிஎச் 4 தாங்கல் கரைசலில் வைக்கலாம்.

வைத்திருந்த புரோபை எடுத்ததும் என்ன செய்வது?

மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். கரைசல் வற்றியதன் அடையாளம் அது. தண்ணீரில் அலசினால் போய்விடும். குமிழுக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால், பழைய பாதரச வெப்பமானியை உதறுவதுபோல நுனி கீழே இருக்கும்படி மெதுவாக உதற வேண்டும்.

அடுத்து ஊறவைப்பது. மூடிக்குள் ஈரம் இருந்திருந்தால் சேமிப்புக் கரைசலில் அரை மணி நேரம் போதும். முழுக்கக் காய்ந்திருந்தால் ஒரு ராத்திரி ஊற வேண்டும். அவசரப்பட்டால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அழுக்கு இருந்தால் அதற்கேற்ற மருந்து வேண்டும். சுண்ணாம்புப் படிவுக்கு நீர்த்த அமிலத்தில் சில நிமிடம். எண்ணெய்ப் பசைக்கு மென்மையான சோப்பு நீர். மீன் தொட்டியில் படியும் புரதப் படலத்துக்கு, பெப்சின் நொதி கலந்த அமிலக் கரைசல் விற்கிறது. 1909 கட்டுரையில் சோரன்சன் ஆராய்ந்த நொதிகளில் பெப்சினும் ஒன்று. எந்தச் சுத்தம் செய்தாலும், அதன் பிறகு மறுபடியும் சேமிப்புக் கரைசலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. குமிழைத் துணியால் அழுத்தித் துடைக்கவே கூடாது. டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும்.

அளவுத்திருத்தம்: ஒரு பாட்டில் போதாது

முதலில் பிஎச் 7 கரைசல். இது புரோபின் பூஜ்ய நிலையைச் சரி செய்கிறது. இதோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் வயதான புரோபில் பூஜ்யம் மட்டும் நகர்வதில்லை. ஓர் எண்ணுக்கு வர வேண்டிய 59 மில்லிவோல்ட்டும் குறைந்துவிடும். அதில் 85 சதவீதம்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7இல் மட்டும் திருத்தம் செய்த மீட்டர், உண்மையில் 8.3 இருக்கும் தண்ணீரை 8.1 என்று காட்டும். 7இல் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

அதனால் இரண்டாவது கரைசல் கட்டாயம். அளக்கப்போகும் எண் இரண்டு கரைசல்களுக்கும் நடுவில் விழ வேண்டும். கடல் மீன் தொட்டிக்கு 7, 10. தண்ணீர் 7க்குக் கீழே போகும் நன்னீர்ச் செடித் தொட்டிக்கு 7, 4. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நடுவில் அலசி ஒற்ற வேண்டும். எண் நிலைக்கும்வரை காத்திருந்து பிறகுதான் உறுதிப்படுத்த வேண்டும். முடிந்ததும் மறுபடியும் 7இல் விட்டுப் பாருங்கள். 7 வரவில்லையென்றால் மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

கரைசலே கெட்டிருந்தால் எல்லாம் வீண். பிஎச் 10 கரைசல் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு எண்ணில் இறங்கிவிடும். பயன்படுத்தியதை மறுபடி பாட்டிலில் ஊற்றக்கூடாது. வெப்பநிலையும் முக்கியம். வழக்கமான கார்பனேட் வகைக் கரைசல் 25 டிகிரியில் 10.01 என்றால், 30 டிகிரியில் சுமார் 9.97. பாட்டில் லேபிளில் அச்சிட்டிருக்கும் அட்டவணை இதற்குத்தான். மீட்டரில் இருக்கும் தானியங்கி வெப்பத் திருத்தம் புரோபின் மில்லிவோல்ட் கணக்கைத்தான் சரி செய்யும். கரைசலின் மாற்றத்தை எல்லா மீட்டர்களும் கணக்கில் எடுப்பதில்லை.

சில மீட்டர்கள் திருத்தம் முடிந்ததும் சரிவு எத்தனை சதவீதம் என்று காட்டும். 95க்கு மேல் இருந்தால் நல்லது. 85க்கும் கீழே போய், சுத்தம் செய்தும் ஏறவில்லையென்றால் புரோபுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. தொடர்ந்து தண்ணீரில் இருக்கும் புரோப் பொதுவாக ஓரிரு ஆண்டுகள்தான் உழைக்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அதற்கு வயதாகும்.

தொட்டியில் எண் மாறினால்?

திருத்தம் செய்த புரோப் காலையில் ஓர் எண்ணும் மாலையில் ஓர் எண்ணும் காட்டினால் அது பெரும்பாலும் உண்மைதான். பகலில் செடிகளும் பாசிகளும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும், ராத்திரியில் இறங்கும். அதனால் தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் ஒப்பிட உதவும். தொட்டியில் ஓர் எண்ணும், அதே தண்ணீரை ஒரு கோப்பையில் எடுத்து உடனே அளந்தால் வேறோர் எண்ணும் வந்தால், ஹீட்டரிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ மின்கசிவு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அது பிஎச் பிரச்சினை மட்டுமல்ல. கை வைப்பவருக்கும் ஆபத்து.

எண்ணைச் சரிபார்க்காமல் மருந்து ஊற்றுவது ஏன் இவ்வளவு ஆபத்து? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருக்கும்போது தீங்கு குறைவு. அம்மோனியாவாகவே இருந்தால் மீனுக்கு விஷம். 25 டிகிரி நன்னீரில் பிஎச் 7இல் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8இல் அது சுமார் 5 சதவீதம். 7இல் இருக்கும் தொட்டியை 6 என்று காட்டும் புரோபை நம்பி, ஓர் எண் உயர்த்தினால், விஷம் பத்து மடங்கு ஏறிவிடும்.

தன் எண்ணையே திருத்தியவர்

பிஎச்சோடு சோரன்சனின் வேலை முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் சுமார் 30 ஆண்டுகள் அதே ஆய்வகத்தில் இருந்தார். அவருடைய மனைவி மார்கரேத்தே ஹோய்ரூப் சோரன்சனும் வேதியியலாளர். புரத ஆய்வில் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1917இல் முட்டை வெள்ளைக்கருவிலுள்ள ஆல்புமின் புரதத்தைப் படிகமாக்கி ஆராய்ந்த முடிவுகளை சோரன்சன் வெளியிட்டார். அதன் மூலக்கூறு எடை சுமார் 34,000 என்று கணக்கிட்டார். புரதங்கள் திட்டமான மூலக்கூறுகளா, வெறும் கூட்டுக் குழம்பா என்று விவாதம் நடந்த காலம் அது.

இதற்கிடையே பிஎச் மருத்துவம், வேளாண்மை, தோல் பதனிடுதல், குடிநீர் என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. பேர் கிடைத்துவிட்டதே என்று அவர் சும்மா இருக்கவில்லை. மின்வாய் உண்மையில் உணர்வது ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கையை அல்ல, கரைசலில் அவை எவ்வளவு வீரியத்தோடு செயல்படுகின்றன என்பதை என்று பின்னாளில் தெளிவாயிற்று. உப்பு நிறைந்த கரைசல்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. 1924இல், தன் இளம் உதவியாளர் கை லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குடன் சேர்ந்து, பிஎச்சுக்குப் புதிய வரையறையை முன்வைத்தார். 15 ஆண்டுகளில் உலகமே ஏற்றுக்கொண்ட தன் அளவை, அவரே திருத்தினார். இன்றைய வரையறையும் அந்தச் செயல்திறன் கணக்கையே பின்பற்றுகிறது.

1938இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பொறுப்பு லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் கைக்குப் போனது. 1939 பிப்ரவரி 12ஆம் தேதி, 71 வயதில் சோரன்சன் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

நூறாண்டுக்கு மேல் ஆகியும் அவர் வகுத்த முறை மாறவில்லை. ஹைட்ரஜன் மின்வாயின் இடத்தில் கண்ணாடிக் குமிழ் வந்தது, வெற்றிடக் குழாயின் இடத்தில் சிப் வந்தது, தொட்டியின் எண்ணை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால் எந்தக் கருவியும் தன் எண் சரியா என்று தானாகச் சொல்லாது. பிஎச் தெரிந்த ஒரு கரைசலில் அதை முக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஆகும் நேரம், ஊறவைப்பதைத் தவிர்த்தால், பத்து நிமிடம். மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டால், மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.